கடைமடைக்கு வந்த மின்சாரம்

போர்ட் அகஸ்டாவில் தொடங்கி மேற்கே நார்ஸ்மன் வரை போகும் அயர் நெடுஞ்சாலை ஏறக்குறைய 1,660 கிலோமீட்டர். அதன் நடுவில் கிடக்கிறது நல்லர்பார் சமவெளி. தமிழ்நாட்டைப் போல ஒன்றரை மடங்கு பரப்புள்ள ஒரே சுண்ணாம்புக்கல் பாளம். மேலே மரமும் கிடையாது, ஆறும் கிடையாது. பெட்ரோல் பங்க், சிற்றுண்டிக் கடை, நாலைந்து அறைகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த ரோட்ஹவுஸ்கள்தான் அங்கே ஊர்கள். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நூறு, நூற்றெண்பது கிலோமீட்டர் இருக்கும். மின்கம்பி அவ்வளவு தூரம் போவதில்லை. ரோட்ஹவுஸ்காரர்கள் தங்களுக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாங்களே டீசலை எரித்து உண்டாக்கிக்கொள்கிறார்கள்.

அந்தச் சாலையில் கேரவனை இழுத்துக்கொண்டு போகிறவர்களும் அதையேதான் செய்கிறார்கள். பலருக்கு அது தெரிவதில்லை. காரின் என்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் சுற்றுகிறது. அதில் பிறக்கும் மின்சாரம் பின்னால் வரும் கேரவனின் பேட்டரிகளை நிரப்ப வேண்டும். இரவில் ஃபிரிட்ஜ் ஓடுவதும், குழாயைத் திறந்தால் பம்ப் உறுமித் தண்ணீர் தருவதும், டீசல் ஹீட்டரின் விசிறி சுற்றுவதும், படிக்க ஒரு விளக்கு எரிவதும் அந்தச் சேமிப்பில்தான். பகல் முழுவதும் சாலையில் சம்பாதித்து இரவில் செலவு செய்கிற வாழ்க்கை.

அக்காவும் அத்தானும் அடிலெய்டில் குடியேறிப் பல காலமாகிறது. அத்தான் பணி ஓய்வு பெற்றதும் ஒரு பழைய கேரவனை வாங்கிப்போட்டார். காரை மட்டும் அண்மையில் மாற்றினார். புது டீசல் வண்டி. ஜூலை மாதம், அங்கே நடுக்குளிர்காலம், என்னையும் சேர்த்துக்கொண்டு மேற்கே கிளம்பினார்கள். தெற்கு வலத்திமிங்கிலங்கள் குட்டி ஈனக் கரையோரம் வந்து கிடக்கும் பருவம் அது. அதைப் பார்க்க வேண்டும் என்பது அக்காவின் நெடுநாள் ஆசை.

கேரவனின் கூரைமேல் ஒரு சோலார் பலகை இருந்தது. கோடையில் அது போதும். ஜூலையில் அந்த அட்சரேகையில் பகல் பத்து மணி நேரம்தான். அதிலும் சூரியன் வடக்கே தாழ்ந்து நகர்கிறது. கூரையில் தட்டையாகப் படுத்திருக்கும் பலகைமேல் வெயில் சாய்ந்து விழுகிறது. தென்கடலிலிருந்து மேகம் வந்துவிட்டால் அதுவும் இல்லை. குளிர்காலப் பயணத்தில் என்ஜினை நம்பித்தான் ஆக வேண்டும்.

கிம்பா என்ற சிற்றூரில் ஆஸ்திரேலியாவின் குறுக்கே பாதி வழி வந்துவிட்டீர்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள். அதன் அருகே ஒரு ரெஸ்ட் ஏரியாவில் இரவு தங்கினோம். காலையில் கேரவன் பேட்டரி 12.1 வோல்ட் காட்டியது. 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி நிறைந்து ஓய்வாக இருக்கும்போது 12.7-க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், 12.1 என்றால் பாதி காலி. கவலைப்படவில்லை, நாள் முழுவதும் ஓட்டப்போகிறோமே. முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிச் செடூனா போய்ச் சேர்ந்து, என்ஜினை நிறுத்தி, சற்றுப் பொறுத்துப் பார்த்தால் மறுபடியும் அதே 12.1.

"மாப்ளே, மீட்டர் ஏதும் கெட்டுப்போச்சா பாரு" என்றார் அத்தான். மீட்டர் சரியாகத்தான் இருந்தது. அக்கா ஃபிரிட்ஜைத் திறந்து இட்லி மாவுப் பாத்திரத்தை எடுத்துப் பார்த்தாள். பொங்கி மூடியைத் தள்ளியிருந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு, "தம்பி, நாளைக்கு இது தோசைக்குக்கூட ஆகாது" என்றாள். பேட்டரி இறங்கியதும் அதைக் காக்க ஃபிரிட்ஜ் தானாகவே நின்றிருக்கிறது.

செடூனாவைத் தாண்டினால் பெரிய ஊர் என்று எதுவும் இல்லை என்பதால் அங்கேயே ஆட்டோ எலக்ட்ரீஷியனைத் தேடினோம். கடையை நடத்தியவர் அறுபதை நெருங்கிய ஒரு பெண்மணி. விவரம் கேட்பதற்கு முன் அவர் கேட்ட முதல் கேள்வி, "கார் எந்த வருடத்தது?" என்பதுதான். பிறகு பானட்டைத் திறந்து, என்ஜினை ஓடவிட்டு, கார் பேட்டரியின் முனைகளில் மல்டிமீட்டரை வைத்தார். 14.2. "இப்போது பார்த்தால் எல்லாம் சரியென்று தோன்றும். ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள்" என்றார். திரும்பி வந்தபோது மீட்டரில் 12.6 என்று நின்றது.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன். பழைய கார்களில் ஆல்டர்னேட்டர் எப்போதும் 14 வோல்ட்டை ஒட்டியே கொடுத்துக்கொண்டிருக்கும். புகைக் கட்டுப்பாடும் எரிபொருள் சிக்கனமும் கடுமையான பிறகு, கார் செய்பவர்கள் அதையும் கம்ப்யூட்டரின் பிடியில் கொண்டுவந்துவிட்டார்கள். ஆல்டர்னேட்டரைச் சுற்றவும் எரிபொருள் வேண்டுமல்லவா? அதனால் கார் பேட்டரி போதிய அளவு நிறைந்ததும் கம்ப்யூட்டர் வோல்ட்டை இறக்கிவிடுகிறது. ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போதும், வண்டி இறக்கத்தில் உருளும்போதும் வோல்ட்டை 15 வரைகூட ஏற்றி, வீணாகும் வேகத்தை மின்சாரமாகப் பிடித்துக்கொள்கிறது. காருக்கு இது நல்ல ஏற்பாடு. பின்னால் ஒரு வீடு தொங்குவது அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

அத்தானுடைய கேரவனுக்கு மின்சாரம் போகும் வழியில் ஒரு ரிலே இருந்தது. கார் பேட்டரியின் வோல்ட் 13.2-ஐத் தாண்டினால் இணைத்துவிடும், 12.7-க்குக் கீழே போனால் துண்டித்துவிடும். என்ஜின் நின்ற பிறகு கேரவனின் ஃபிரிட்ஜ் கார் பேட்டரியையும் உறிஞ்சி, காலையில் வண்டி கிளம்பாமல் போய்விடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. பழைய காரோடு நன்றாக வேலை செய்தது. புதுக் காரில், கிளம்பிய சிறிது நேரத்திலேயே வோல்ட் 12.6-க்கு இறங்க, என்ஜின் நின்றுவிட்டதாக எண்ணி ரிலே துண்டித்துக்கொண்டது. ஏற்ற இறக்கமுள்ள மலைப்பாதையாக இருந்தால் இடையிடையே கொஞ்சமாவது சேர்ந்திருக்கும். இதுவோ மேசைபோலத் தட்டையான நாடு. காலை எடுக்கவே வேண்டாமல் மணிக்கணக்கில் ஒரே சீராக ஓடும் சாலை. இந்த வகைக் கார் மிகக் குறைவான வோல்ட்டைத் தருவது இப்படிப்பட்ட சாலையில்தான். கேரவன்காரர்கள் என்ஜினை அதிகம் நம்புவதும் இங்கேதான்.

புதுக் காரில் இழுவைக் கொக்கியும் வயரிங்கும் மாட்டிக் கொடுத்த கடையில், "ஓட ஓட சார்ஜ் ஆகும்" என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு. சார்ஜ் ஆகுமா என்பது கேள்வியே அல்ல. எத்தனை ஆம்பியர் போய்ச் சேரும் என்பதுதான் கேள்வி. அதை அளந்து காட்டாமல் வண்டியைக் கொடுப்பவர்கள், ஆள் நடமாட்டம் இல்லாத நாட்டுக்குள் ஒரு குடும்பத்தை அனுப்புகிறோம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஃபிரிட்ஜோடு போகிற விஷயமில்லை இது. ஆஸ்திரேலியாவில் 2,000 கிலோவுக்கு மேற்பட்ட கேரவனுக்கு எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் இருக்க வேண்டும். கொக்கி கழன்று கேரவன் தனியே பிரிந்துவிட்டால் அந்தப் பிரேக்குகள் தாமாகவே பிடித்து, குறைந்தது 15 நிமிடமாவது பிடித்தபடி நிற்க வேண்டும். அதற்காக முன்புறம் ஒரு சின்னப் பேட்டரி இருக்கிறது. அத்தான் கேரவனில் அதற்கும் சார்ஜ் அதே வழியாகத்தான் போனது. எலக்ட்ரீஷியன் அதையும் அளந்து காட்டினார். அத்தான் முகம் மாறிவிட்டது.

ரிலேயை எடுத்துவிட்டு நேராக இணைத்தால் என்ன என்று கேட்டேன். பதில் சொல்லாமல் அவர் வண்டிக்குக் கீழே படுத்து, பழைய வயரில் ஒரு விரல் நீளத்தை வெட்டி எடுத்து என் கையில் கொடுத்தார். கடையில் இதை 6 மில்லிமீட்டர் ஆட்டோ கேபிள் என்று விற்கிறார்கள். கையில் வாங்கிப் பார்த்தால் தடித்துத்தான் இருக்கிறது. தோலை உரித்தபோது உள்ளே செம்பு மெலிந்து கிடந்தது. அந்த 6 என்பது மேலுறையையும் சேர்த்த விட்டம். செம்பின் குறுக்குப் பரப்போ 4.6 சதுர மில்லிமீட்டர்தான். வெளிநாடுகளில் சதுர மில்லிமீட்டரில் கணக்குப் போட்டுப் பழகியவர்கள் இதில் ஏமாந்துபோகிறார்கள்.

காவிரிப் பாசனத்தில் கடைமடை விவசாயி சொல்லும் குறையை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அணையில் நீர் இருக்கும், தலைமடை நிறைந்திருக்கும், வாய்க்காலின் கடைசியில் இருப்பவன் வயல் காய்ந்து கிடக்கும். கேரவன் பேட்டரி அப்படி ஒரு கடைமடை. காரின் முகப்பில் இருக்கும் பேட்டரியிலிருந்து கேரவன் கட்டிலுக்கு அடியில் இருக்கும் பேட்டரிக்குப் பத்து மீட்டர். போக ஒன்று, திரும்ப ஒன்று, ஆக இருபது மீட்டர் செம்பு. அந்த மெல்லிய வயரில் 25 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 1.9 வோல்ட் போய்விடும். முன்னால் 13.9 இருந்தாலும் பின்னால் 12 தான். அரை வயிற்றுப் பேட்டரிக்குள் அதைவிடக் குறைந்த வோல்ட்டில் மின்சாரத்தைத் திணிக்க முடியாது. லெட்-ஆசிட் பேட்டரி முழுதாக நிறைய 14.4 வோல்ட் அளவில் ஊட்ட வேண்டும்.

இதில் ஆளை ஏமாற்றும் இடம் ஒன்று இருக்கிறது. லோடு இல்லாமல் அளந்தால் எவ்வளவு மெல்லிய வயரும் முழு வோல்ட்டையும் காட்டும். மின்சாரம் ஓடினால்தான் இழப்பு. ஓடாதபோது இழப்பு ஏது? பின்பக்க பிளக்கில் மீட்டரை வைத்து, "பாருங்கள், 13.9 வருகிறது" என்று சொன்னால் அது உண்மைதான், உதவாத உண்மை. எலக்ட்ரீஷியன் 25 ஆம்பியர் இழுக்கும் ஒரு லோடைப் பிளக்கில் மாட்டிவிட்டு அளந்தார். ஒவ்வொரு கேரவன்காரரும் இதை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும்.

வைத்தியம் இரண்டு பகுதியாக நடந்தது. முதலில் வயர். 6 பி அண்ட் எஸ் என்று அங்கே சொல்லும் கேபிள், செம்பு 13 சதுர மில்லிமீட்டருக்கு மேல், சுண்டுவிரல் தடிமன், போக ஒன்றும் திரும்ப ஒன்றுமாக இரண்டு. வண்டியின் சட்டத்தையே எர்த்தாகப் பயன்படுத்தும் பழக்கத்தை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. துருப்பிடித்த ஒரு போல்ட் போதும், எல்லாம் பாழ் என்றார். காருக்கும் கேரவனுக்கும் நடுவில் சாம்பல் நிற ஆண்டர்சன் பிளக், 50 ஆம்பியர் தாங்குவது. ஆண், பெண் என்று இல்லாமல் இரண்டு பக்கமும் ஒரே உருவம். ஒன்றைத் திருப்பி மற்றதோடு அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். கேபிளின் இரண்டு முனையிலும் தானாக விழும் பிரேக்கர், பேட்டரியை ஒட்டியே. இரண்டு பக்கமும் பேட்டரி இருப்பதால் வயர் நடுவில் எங்கே உரசி எர்த்தானாலும் இரண்டு பக்கத்திலிருந்தும் நெருப்புக்கு மின்சாரம் பாயும். ஒரு பக்கம் மட்டும் பிரேக்கர் வைப்பது அரைப் பாதுகாப்பு.

அடுத்தது டிசி-டிசி சார்ஜர். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய, உலோகச் செதில்கள் கொண்ட பெட்டி. அடிலெய்டின் தென்புறம் லான்ஸ்டேலில் இருக்கும் ரெட்ஆர்க் நிறுவனம் செய்யும் சார்ஜர்கள் அந்நாட்டுக் கேரவன்களில் பரவலாக இருக்கின்றன. வந்து சேரும் மின்சாரம் 12 வோல்ட்டோ அதற்குக் கீழோ இருந்தாலும் அதை 14.4-க்கு உயர்த்திப் பேட்டரிக்குக் கொடுப்பதுதான் இதன் வேலை. கடைமடையில் வைத்த இறைப்பு என்ஜின் என்று வைத்துக்கொள்ளலாம். அதனால் இதைக் கேரவன் பேட்டரிக்குப் பக்கத்தில்தான் வைக்க வேண்டும். காரின் பானட்டுக்குள் வைத்தால் உயர்த்திய வோல்ட்டை வயரே மறுபடியும் தின்றுவிடும். இன்னொரு மெல்லிய வயர் இக்னிஷனிலிருந்து வந்து சார்ஜரைத் தொடுகிறது: வோல்ட்டைப் பார்த்து ஏமாறாதே, சாவி போட்டிருக்கிறது, என்ஜின் ஓடுகிறது என்று அதற்குச் சொல்ல.

வயரை மாற்றாமல் சார்ஜரை மட்டும் மாட்டிக்கொள்ளச் சிலர் நினைப்பார்கள். அது நேர்மாறாகப் போகும். 25 ஆம்பியரை 14.4 வோல்ட்டில் கொடுப்பதென்றால் 360 வாட். சார்ஜரின் சொந்த இழப்பையும் சேர்த்தால் 400 வாட் முன்னாலிருந்து வந்தாக வேண்டும். வோல்ட் குறையக் குறைய அதே 400 வாட்டை எடுக்க அது கூடுதல் ஆம்பியரை இழுக்கும். கூடுதலாக இழுத்தால் வயரில் வோல்ட் மேலும் விழும். பழைய வயரில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 42 ஆம்பியர் ஓடி, பின்னால் 9.4 வோல்ட்தான் மிஞ்சும். நூற்றுமுப்பது வாட்டுக்கு மேல் வயரைச் சூடாக்கவே போய்விடும். அதற்கு முன்பே சார்ஜர் கைவிட்டு நின்றுவிடும்.

மறுநாள் கிளம்பியதும் முன் சீட்டில் உட்கார்ந்து போனில் தெரிந்த வோல்ட், ஆம்பியர் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். காரில் 12.6. சார்ஜருக்குள் நுழையும்போது 11.7. வெளியே வரும்போது 14.4, 25 ஆம்பியர். வழியில் ஏறக்குறைய ஒரு வோல்ட் இழந்த மின்சாரம், இழந்ததைப் போல மூன்று மடங்கு ஏறி உள்ளே போகிறது. பெனாங் ஊரின் காற்றாலைகள் வந்து போயின. நிலத்தடி நீர் இறைத்த பழைய காற்றாலைகளைச் சேர்த்து நட்டுவைத்திருக்கிறார்கள். அத்தான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. ஆனால் நான் எண்ணைச் சொல்லும்போதெல்லாம் தலையாட்டினார்.

ஹெட் ஆஃப் பைட் என்ற இடத்தில் சமவெளி சட்டென்று முடிந்து கடல் தொடங்குகிறது. மேற்கே பண்டா பாறைச்சுவர் நூறு மீட்டர் உயரம்வரை செங்குத்தாக நிற்கிறது. கிழக்கே வெள்ளை மணல்மேடு. மிர்னிங் மக்களின் பூர்வீகக் கடற்கரை இது. மரப்பாதையில் இறங்கி நின்றால் கீழே தண்ணீரில் தாயும் குட்டியுமாகத் திமிங்கிலங்கள். தாய் அசையாமல் கிடக்க, குட்டி அதன்மேல் ஏறிச் சறுக்கி விழுந்து மறுபடி ஏறியது. அக்கா குளிர்காற்றில் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றாள். கூப்பிட எங்களுக்கு மனம் வரவில்லை.

அன்றிரவு அவளுக்கு வேறு வேலை இருந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் எல்லையில் பழம், பச்சைக் காய்கறி, தேன் எல்லாவற்றையும் வாங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். தங்கள் விளைநிலத்துக்குப் பூச்சியும் நோயும் வந்துவிடக் கூடாது என்ற கண்டிப்பு. இருந்த காயையெல்லாம் நறுக்கிக் கூட்டாகவும் பொரியலாகவும் சமைத்து டப்பாக்களில் அடைத்தாள். அத்தனையும் ஃபிரிட்ஜுக்குள் போனது. சூடான டப்பாக்கள் நுழைந்ததும் கம்ப்ரெஸர் விடாமல் ஓடியது, 5 ஆம்பியர் இழுத்தபடி. இரவு முழுக்க அது ஓடினாலும் காலையில் பேட்டரி தாங்கியது. கறிவேப்பிலைக் கொத்தை மட்டும் எல்லையில் கொடுத்துவிட்டு வந்தாள், மனமில்லாமல்.

எல்லையைத் தாண்டிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் யூக்லா. இங்கே கடிகாரத்தை முக்கால் மணி நேரம் பின்னுக்குத் தள்ள வேண்டும். எங்கள் போன்களுக்கு அது பிடிபடவில்லை. அடிலெய்டுக்கும் பெர்த்துக்கும் நடுவில் உள்ளூர்க்காரர்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்ட நேரம் அது. சாலையிலிருந்து கடலை நோக்கி இறங்கினால் மணல்மேட்டில் பாதி புதைந்த கல் கட்டடம் ஒன்று நிற்கிறது. யூக்லா தந்தி நிலையம். 1877-இல் திறந்தது. கிழக்கேயிருந்து தெற்கு ஆஸ்திரேலியாவின் கம்பியும் மேற்கேயிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவின் கம்பியும் இங்கே வந்து சந்தித்தன. அப்போது அவை இரண்டு தனிக் குடியேற்றங்கள். ஒரே கூரையின் கீழ் இரண்டு பக்கத்து ஊழியர்களும் உட்கார்ந்து ஒருவர் வாங்கிய செய்தியை மற்றவர் மேலே அனுப்பினார்கள்.

நான் அங்கே நின்று யோசித்தது இந்த நிலையம் ஏன் இருந்தது என்பதைத்தான். குடியிருக்க ஆள் இல்லாத கரையில், தண்ணீருக்கே திண்டாடும் இடத்தில், கல்லால் இவ்வளவு பெரிய கட்டடம் எதற்கு? கம்பி நீள நீளத் துடிப்பு மெலிகிறது. கரையோரமாக இஸ்ரேலைட் பே, அயர், யூக்லா, ஃபவுலர்ஸ் பே என்று இடைவெளிவிட்டு நிலையங்கள் கட்டி, மெலிந்து வந்த செய்தியை வாங்கிப் புது பேட்டரியின் பலத்தில் அடுத்த நிலையத்துக்கு அனுப்பினார்கள். நிலையத்தின் உயிர் அந்த பேட்டரிதான். திரவம் நிறைந்த கலங்கள் வரிசையாக இருந்திருக்கும். அதைப் பராமரிப்பதே ஒருவருக்கு அன்றாட வேலையாக இருந்திருக்கும். கேரவன் கட்டிலுக்கு அடியில் பொருத்திய பெட்டி செய்வதும் இந்த நிலையம் செய்ததும் ஒரே வேலை: தூரம் தின்றதை ஈடுகட்டி மேலே அனுப்புவது. தூரத்தின் அளவுதான் வேறு. பின்னாளில் ரயில் பாதையை ஒட்டித் தந்திக் கம்பியைக் கொண்டுபோனார்கள். முயல் கூட்டம் செடியையெல்லாம் தின்று தீர்த்ததில் மணல் நகர்ந்து வந்து சுவர்களை மூடத் தொடங்கியது. கூரை இல்லை. சாளரத் துளைகள் வழியாக மணல் அறைக்குள் இறங்கியிருக்கிறது. அத்தான் சுவரில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "இங்க உக்காந்து எத்தனை சாவுச் செய்தியை அனுப்பிருப்பான், மாப்ளே" என்றார்.

மதுரா என்று ஒரு ரோட்ஹவுஸ் வருகிறது. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துக்குக் குதிரை வளர்த்து அனுப்பிய பண்ணை இருந்த இடம். அங்கிருந்து சாலை மேட்டின்மேல் ஏறுகிறது. அன்றைய ஓட்டத்தில் சில மணி நேரம் கழித்து எண்கள் மாறத் தொடங்கின. 25 ஆம்பியர் 15 ஆனது, பிறகு 8. எனக்குப் பதற்றம், திரும்பவும் ஏதோ பழுதோ என்று. பழுதில்லை. லெட்-ஆசிட் பேட்டரி எண்பது சதவீதம் வரை ஆவலாக வாங்கிக்கொள்ளும். கடைசி ஐந்தில் ஒரு பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வாங்கும். எவ்வளவு பெரிய சார்ஜரை மாட்டினாலும் அந்தக் கடைசிப் பங்கை விரட்ட முடியாது, மணிக்கணக்கில் காத்திருக்கத்தான் வேண்டும். அதனால்தான் தினமும் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்துபவர்களின் பேட்டரி எப்போதும் அரைகுறையாகவே நின்று சீக்கிரம் கெட்டுப்போகிறது.

லித்தியம் பேட்டரிக்கு அந்தத் தயக்கம் இல்லை. காக்கிள்பிடியில் பக்கத்தில் நிறுத்தியிருந்தவர் டார்வினிலிருந்து தனியாக வந்தவர். லித்தியம் அயன் பாஸ்பேட் வைத்திருந்தார். அது கடைசிவரை ஒரே வேகத்தில் வாங்கிக்கொள்ளும். அந்தப் பசியே ஆபத்து. நேராக ஆல்டர்னேட்டரோடு இணைத்தால் கிடைப்பதையெல்லாம் இழுத்து ஆல்டர்னேட்டரைக் காய்ச்சி எடுத்துவிடும், முக்கியமாக வண்டி நின்றபடி என்ஜின் மெதுவாக ஓடும்போது. டிசி-டிசி சார்ஜர் அங்கே வேறு வேலை செய்கிறது: இவ்வளவுதான் என்று அளந்து ஊற்றுகிறது. அவருடைய பிரச்சினை குளிர். உறைநிலைக்குக் கீழே லித்தியத்துக்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது. பேட்டரிக்குள் இருக்கும் காவல் சுற்று கதவை மூடிக்கொள்ளும். விடியலில் புல்மேல் வெள்ளையாக உறைபனி படிந்திருந்தது. என்ஜின் ஓடியும் பேட்டரி வாங்க மறுக்கிறதென்று கவலையாக நின்றார். வெயில் ஏறியதும் வாங்கத் தொடங்கிவிட்டது.

இவ்வளவு மின்சாரத்துக்கும் டீசல் எவ்வளவு என்று அக்கா கேட்டாள். அத்தானும் நானும் கணக்குப் போட்டோம். ஆல்டர்னேட்டரின் இழப்பையும் சேர்த்தால் என்ஜின்மேல் விழும் கூடுதல் சுமை ஒரு குதிரைத்திறனுக்குள். ஐந்து மணி நேரம் ஓட்டினால் ஏறக்குறைய ஒரு லிட்டர். கேரவனை இழுக்கும் செலவோடு ஒப்பிட்டால் அது கண்ணில் படாது. அந்த ஒரு லிட்டரில் இரண்டு நாள் ஃபிரிட்ஜ் ஓடும். தங்குமிடத்தில் பெட்ரோல் ஜெனரேட்டரை இரையவிட்டுச் சுற்றியிருப்பவர்கள் தூக்கத்தைக் கெடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கைகூனாவைத் தாண்டியதும் 146.6 கிலோமீட்டருக்கு வளைவே இல்லாத சாலை. அதன் நடுவில் ஒரு ரெஸ்ட் ஏரியாவில் மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தினோம். கிழக்கே போகும் ஒரு வயதான தம்பதி கேரவன் கதவைத் திறந்துவைத்து, ஃபிரிட்ஜிலிருந்து பாலை எடுத்துக் கீழே ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடையது வேறு வகை ஃபிரிட்ஜ்: நிறுத்தியிருக்கும்போது கேஸ், ஓடும்போது 12 வோல்ட். கம்ப்ரெஸர் இல்லை, ஒரு சூட்டுக் கம்பி எரிந்துதான் குளிர் உண்டாகும். ஓடும்போதெல்லாம் ஓய்வில்லாமல் 14 ஆம்பியர் இழுக்கும். சூட்டுக் கம்பிக்கு வோல்ட் குறைவது இரட்டைத் தண்டனை, ஏனென்றால் வாட் குறைவது வோல்ட்டின் வர்க்கத்தில். 12 கிடைக்க வேண்டிய இடத்தில் 10.5 கிடைத்தால் நாலில் மூன்று பங்கு சூடுதான் வரும்.

அத்தான் கேட்காமலேயே மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என்ஜினை ஓடவிட்டு, ஃபிரிட்ஜ் எரிந்துகொண்டிருக்கும்போதே அதன் முனையில் வைத்தார். 10.5. முன்னிருந்து வரும் வயர் சுமாராக இருந்தது. திரும்பும் வயர்தான் விளக்குகளுக்கான மெல்லிய எர்த்தோடு கூட்டுச் சேர்ந்திருந்தது. செடூனாவில் மீந்த தடித்த கேபிள் எங்கள் பெட்டியில் சுருட்டிக் கிடந்தது. ஆண்டர்சன் பிளக்கிலிருந்து ஃபிரிட்ஜ் வரை அதைத் தனி எர்த்தாக இழுத்து, முனையைக் கிரிம்ப் செய்து, சட்டத்தில் உரசாமல் டை போட்டுக் கட்ட ஒரு மணி நேரமானது. நான் டார்ச் பிடித்தேன். மறுபடி அளந்தால் 11.4.

"மீதியை முன்பக்க வயர்தான் தின்கிறது. அதையும் மாற்றிவிடுங்கள்" என்று அத்தான் அவர்களிடம் சொன்னார். செடூனாக் கடைக்கு வழி எழுதிக் கொடுத்தேன். அக்கா எங்கள் ஃபிரிட்ஜிலிருந்து ஒரு பால் பாக்கெட்டை எடுத்துவந்து அந்த அம்மாளிடம் கொடுத்தாள். அவர்கள் கிழக்கே போனார்கள். பல்லடோனியா போய்ச் சேர இன்னும் நூறு கிலோமீட்டர் இருந்தது. இருட்டினால் கங்காருக்கள் சாலைக்கு வந்துவிடும் என்பதால் நாங்களும் உடனே கிளம்பினோம்.